காற்றுக்காகத் தேர்ந்தெடுத்த ஊர்

1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து நெவாசா என்ற கப்பல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. கணித மேதை சீனிவாச ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குப் போனது அந்தக் கப்பலில்தான். அதே கப்பலில் டாக்டர் டேவிட் சௌரி முத்து என்ற தென்னிந்திய மருத்துவரும் பயணம் செய்தார். காசநோய் சிகிச்சையில் வெள்ளைக்காரர்கள் நாட்டிலேயே பேர் வாங்கியவர் அவர். சாமர்செட் பகுதியில், மெண்டிப் குன்றுகளின் மேல், ஒரு சானடோரியத்தை நடத்திவந்தார். 1917இல் ராமானுஜனின் உடல் நலிந்து, காசநோயாக இருக்குமோ என்று மருத்துவர்கள் சந்தேகித்தபோது, அவர் சில காலம் தங்கியது முத்துவின் அந்தச் சானடோரியத்தில்தான்.

அங்கே கொடுக்கப்பட்ட முக்கியமான மருந்து காற்று. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882இலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் மருந்து அதற்கு அறுபது ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் மருத்துவர்கள் நம்பியது திறந்தவெளி, ஓய்வு, நல்ல சாப்பாடு, அளவான நடை, மூச்சுப் பயிற்சி இவற்றைத்தான். ஹெர்மன் பிரெஹ்மர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1854இல் மலைக்காட்டுக் கிராமம் ஒன்றில் தொடங்கிய முறை இது. நகரத்துப் புகையிலிருந்தும் நெரிசலிலிருந்தும் நோயாளியைப் பிரித்து, மரங்களுக்கு நடுவே குடியமர்த்தினால் நுரையீரல் தானே ஆறும் என்பது அதன் அடிப்படை. 1922இல் காசநோயைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதிய முத்து இதில் ஆழ்ந்த நம்பிக்கை கொண்டவர்.

அவர் தாயகம் திரும்பி 1928இல் தம் சொந்த முயற்சியில் ஒரு சானடோரியம் தொடங்கினார். அதற்கு அவர் பிடித்த இடம் தாம்பரம்.

அன்றைய தாம்பரம் சென்னையின் பகுதியல்ல. ஏரிகளும் புதர்க்காடும் பச்சைமலை போன்ற சிறு குன்றுகளும் சூழ்ந்த ஊர்; நடுவே ரயில் பாதை, பக்கத்தில் திருச்சி போகும் ஜி.எஸ்.டி. சாலை. பட்டணத்திலிருந்து எட்டும் தூரம், பட்டணத்துக் காற்று எட்டாத தூரம். 1931இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. நாட்டில் மின்மயமான முதல் மீட்டர்கேஜ் பாதை அது. தொலைதூர ரயில்கள் கரி எரித்துக்கொண்டு போனாலும், அன்றாடம் வந்துபோகும் வண்டிகள் புகை விடவில்லை. 1937இல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி பாரிமுனை நெரிசலை விட்டு சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. அதே ஆண்டில் முத்துவின் சானடோரியத்தை அரசு எடுத்துக்கொண்டது. ரயில் நிலையமும் சுற்றுவட்டாரமும் அந்தப் பெயரையே தாங்கின. இன்றும் "சானடோரியத்தில் இறங்கணும்" என்று சொல்லாத தென்சென்னைப் பயணி கிடையாது.

சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்ததும் சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் அமைந்தது. ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்தும் மறு பகுதியினரை அவரவர் வீட்டிலேயே விட்டும், இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகளைக் கொடுத்து அங்கே ஒப்பிட்டார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. இடிபாடான வீட்டில், போதிய சாப்பாடு இல்லாமல், நெருக்கியடித்துக் கிடந்த நோயாளியும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சானடோரியத்து நோயாளிக்குச் சமமாகக் குணமானார். உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் 'சென்னை ஆய்வு' பெரிய காரணம். ஏழை நோயாளிகளுக்கு அது செய்த நன்மையை அளவிட முடியாது. கூடவே ஒரு கவனமும் கழன்றுபோயிற்று. மருந்து இருந்தால் காசநோய்க்குச் சானடோரியக் காற்று தேவையில்லை என்று உறுதியானதும், நுரையீரலுக்குள் என்ன போகிறது என்று ஊரைப் பார்த்துக் கேட்கும் பழக்கம் போய்விட்டது. தாம்பரத்தைச் சுற்றியிருந்த காற்று மாறிக்கொண்டிருந்த காலமும் அதுவே.

முதலில் கல். பல்லாவரம், திரிசூலம், பம்மல் குன்றுகளுக்கு அறிவியலில் பெரிய இடம் உண்டு. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்துச் சரளைக் குழி ஒன்றில் எடுத்த கற்கோடரிதான் இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிப் பாறையை ஆராய்ந்தார். கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் பதித்திருந்ததும் இதே வகைக் கல்தான் என்று கண்டு, அதற்குச் 'சார்னோக்கைட்' என்று பெயர் வைத்தார். உலகமெங்கும் புவியியல் மாணவர்கள் இன்றும் சொல்லும் பெயர் அது. பரங்கிமலையின் சார்னோக்கைட்டைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகவும் அறிவித்திருக்கிறார்கள்.

அந்தப் பாறையைத்தான் உடைத்து ஜல்லியாக்கினார்கள். சென்னை தெற்கே வளர வளர, அதன் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் வேண்டிய கருங்கல் ஜல்லி இந்தக் குன்றுகளிலிருந்து போயிற்று. முதலில் சம்மட்டியும் உளியும். பிறகு வெடியும் கிரஷரும். குன்றுகள் கரைந்து பள்ளங்களாயின. பெண்களும் ஆண்களும் குடும்பம் குடும்பமாக அந்த வெள்ளைத் தூசுக்குள்ளேயே நின்று வேலை செய்தார்கள்.

சார்னோக்கைட்டில் குவார்ட்ஸ் உண்டு. குவார்ட்ஸ் என்பது படிக வடிவச் சிலிக்கா. கல் உடையும்போது கண்ணுக்குத் தெரியும் தூசு மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசு நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். அங்கே காவலுக்கு இருக்கும் செல்கள் மேக்ரோஃபேஜ்கள். கிருமியோ துகளோ எது வந்தாலும் விழுங்கி, செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோம் என்னும் நுண்பையில் அடைத்துக் கரைப்பது அவற்றின் வேலை. சிலிக்கா கரையாது. படிகத்தின் பரப்பு அந்தப் பையைக் கிழிக்கிறது. நொதிகள் செல்லுக்குள்ளேயே கொட்டுகின்றன. உடனே செல்லில் ஓர் அபாய அமைப்பு விழித்துக்கொண்டு, அழற்சியைத் தூண்டும் புரதங்களை வெளியே அனுப்புகிறது. இந்த அமைப்பின் பங்கை 2008இல் பல ஆய்வுக்கூடங்கள் தனித்தனியே உறுதிசெய்தன. மேக்ரோஃபேஜ் செத்துவிழும்; விடுபட்ட துகளை அடுத்தது வந்து விழுங்கும்; அதுவும் சாகும். இது ஆண்டுக்கணக்கில் நடக்கும்போது நுரையீரலில் தழும்பு கட்டுகிறது. இதுதான் சிலிகோசிஸ். காசநோய்க் கிருமியை அடக்கிவைக்க வேண்டியவையும் இதே மேக்ரோஃபேஜ்கள்தான் என்பதால், சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் பல மடங்கு எளிதில் பற்றுகிறது. காசநோய்க்கென்று எழுந்த மருத்துவமனைக்குச் சில மைல் தூரத்திலேயே இந்தக் கல்லுடைப்பு நடந்துவந்தது.

அடுத்தது தோல். ஜி.ஏ. சேம்பர்ஸ் 1912இல் தொடங்கிய குரோம் லெதர் தொழிற்சாலையால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர். அதுவரை ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளில் வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதப்படுத்திய தோலைக் குரோமிய உப்பு சில நாட்களில் பதப்படுத்தியது. பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் பக்கம் தோல் பதனிடும் கூடங்கள் பெருகின. அவற்றின் கெடுதியை மக்கள் முதலில் கண்டது கிணற்று நீரில். கழிவு நீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது அதன் பிறகே. பதனிடப் பயன்படும் மூன்று இணைதிறன் குரோமியம் அவ்வளவு கொடியதல்ல. ஆனால் குரோம் தோலின் வெட்டுத்துண்டுகளைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தினால், அதில் ஒரு பங்கு ஆறு இணைதிறன் குரோமியமாக மாறிச் சாம்பலோடு பறக்கக்கூடும். இந்த வடிவம் செல்லின் கதவுகளை எளிதில் கடந்து உள்ளே போய் டி.என்.ஏ.யைச் சேதப்படுத்தும், மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான நஞ்சு. தீ வைத்தால் ஒரு பொருள் மறைந்துவிடுகிறது என்று நினைக்கிறோம். அது இன்னும் நுண்ணிய, இன்னும் கொடிய வடிவில் மூச்சுக்குள் திரும்பி வருகிறது.

பிறகு சாலை. ஒரு காலத்தில் மக்கள் காலாற நடந்த ஜி.எஸ்.டி. சாலை தென்மாவட்டங்களின் முக்கிய வாசலாக மாறியது. பெட்ரோலில் ஈயம் கலந்திருந்த ஆண்டுகள் நீளமானவை. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்கு ஈயமில்லாப் பெட்ரோல் கட்டாயமானது; 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் நீங்கியது. போன ஈயம் உடனே போய்விடவில்லை. சாலைப் புழுதியிலும் மண்ணிலும் தங்கியது. பழைய பெயின்ட், பேட்டரி, உலோகத் தொழில்கள் இன்னும் கூட்டின. போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரி ஈய அளவு ஒரு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். அப்போது உலகம் அபாயக் கோடாக வைத்திருந்தது 10. இன்று அமெரிக்கா வைத்திருப்பது 3.5. ஈயம் கூடுதலாக இருந்த குழந்தைகளிடம் கவனக்குறைவும் நடத்தைச் சிக்கல்களும் கூடுதலாக இருந்தன.

ஈயம் போன இடத்தில் டீசல் புகை நிலைத்தது. டீசல் துகளின் நடுவே கரி. அதன் மேல் ஒட்டியிருப்பது பென்சோபைரீன் போன்ற பல வளைய ஹைட்ரோகார்பன்கள். பென்சோபைரீன் நுரையீரல் செல்லுக்குள் நுழைந்ததும், அதைக் கரைத்து வெளியேற்றத்தான் செல் முயல்கிறது. அந்த முயற்சியின் நடுவே பிறக்கும் ஒரு மூலக்கூறு டி.என்.ஏ.யிலுள்ள குவானினோடு இறுக்கமாகப் பிணைந்துகொள்கிறது. புற்றுநோயைத் தடுக்கும் பி53 மரபணுவில் அது பிணையும் இடங்களும், நுரையீரல் புற்றுநோயில் அந்த மரபணு சிதைந்திருக்கும் இடங்களும் ஒன்றாகவே இருப்பதை 1996இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிரேக் தேய்மானத்திலிருந்து வரும் செம்பும் இரும்பும் வேறு வழியில் கெடுக்கின்றன. அவை செல்லுக்குள் ஆக்சிஜனின் வீரியம் மிக்க வடிவங்களை உண்டாக்கி, செல்லின் குளுட்டாதயோன் இருப்பைக் கரைத்து, ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவையும் செல் சவ்வையும் தாக்குகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் டீசல் புகையையும், 2013இல் வெளிக்காற்று மாசையும் அதிலுள்ள நுண்துகளையும் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் சேர்த்தது.

எல்லாவற்றிலும் கொடிய அத்தியாயம் பெருங்குடி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல் 1980கள் முதல் நகரத்துக் குப்பை கொட்டப்பட்டது. குப்பை அடிக்கடி எரிந்தது. சில சமயம் தானாக, சில சமயம் கம்பியிலிருந்து செம்பைப் பிரித்தெடுப்பதற்காக. ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆசிய நாடுகளின் திறந்தவெளிக் குப்பைக் கிடங்குகளை ஒப்பிட்டு 2003இல் வெளியிட்ட ஆய்வில் பெருங்குடியும் ஒன்று. பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் குறைந்த வெப்பத்தில் எரியும்போது உண்டாகும் டையாக்சின்கள் அந்த மண்ணில் இருந்தன. 2004இல் வந்த தொடர் ஆய்வு கிடங்கைச் சுற்றி வாழ்ந்த தாய்மார்களின் பாலைச் சோதித்தது. டையாக்சின் வகை நஞ்சு மற்ற இடத்துத் தாய்மார்களிடம் இருந்ததைவிட அதில் தெளிவாகக் கூடுதல். அங்கே மேய்ந்த மாடுகளின் பாலும் ஒரு வழியாக இருக்கலாம் என்று அவர்கள் கண்டார்கள். புகையில் பறந்தது புல்லில் படிந்து, மாட்டின் கொழுப்பில் சேர்ந்து, தாயின் வழியே கைக்குழந்தைக்குப் போயிற்று.

டையாக்சின் டி.என்.ஏ.யை உடைப்பதில்லை. செல்லுக்குள் மிதக்கும் ஏ.எச். ஏற்பி என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு உட்கருவுக்குள் நுழைந்து, எந்த மரபணு இயங்க வேண்டும் என்பதையே மாற்றிவிடுகிறது. உடல் அதை எளிதில் வெளியேற்றாது. பாதி குறையவே பல ஆண்டுகள் ஆகும். இவ்வளவு தெரிந்த பிறகும் 2022 ஏப்ரல் 27 அன்று பெருங்குடிக் கிடங்கு பற்றி, நாள்கணக்கில் எரிந்தது. அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணை ராம்சார் ஈரநிலமாக உலக அங்கீகாரம் பெற்றது.

போகியையும் இந்த வரிசையில் சொல்லியாக வேண்டும். பழைய பாய், துடைப்பம், வைக்கோல், ஓலை என்று எரித்தவரை அது கிராமத்துக் குளிர்காலையின் சிறு நெருப்பு. நகரத்தில் டயரும் பிளாஸ்டிக்கும் அதில் விழுந்தன. மார்கழிக் கடைசி விடியலில் காற்று அசையாது, குளிர்ந்த காற்று தரையோடு படுத்துக்கிடக்கும், பனியும் சேரும். எழும் புகை மேலே போக வழியில்லை. 2018 போகியன்று மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் திருப்பிவிடப்பட்டன. ஐ.ஐ.டி. மெட்ராஸைச் சேர்ந்த சச்சின் குந்தே குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்னொரு விளக்கம் தருகிறது. பிளாஸ்டிக் குப்பையும் சில தொழிற்சாலைகளும் வெளியிடும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் காற்றிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து துகளில் படிகிறது. அந்தத் துகள் ஈரத்தை உறிஞ்சிப் பருத்துப் பார்வையை மறைக்கிறது. முக்கியமாக டெல்லியில் அளந்து, சென்னையோடு ஒப்பிட்டு எழுதப்பட்ட ஆய்வு அது.

தாம்பரத்தில் தொடங்கிய கேள்விக்கே இந்தப் புதிய அறிவியல் திரும்பி வந்திருக்கிறது. மெக்சிகோ நகரத்துக் காற்றிலிருந்து எடுத்த துகளை மனித நுரையீரல் செல்களின் மேல் இட்டு ஆய்வாளர்கள் சோதித்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். காசநோய்க் கிருமியை எதிர்க்கச் செல்கள் சுரக்கும் டிஃபென்சின் என்ற புரதங்கள் குறைந்தன. செல்கள் முதுமைக்குரிய அடையாளங்களைக் காட்டின. கிருமியை அடக்கும் திறன் தளர்ந்தது. மருந்து இருக்கும்போது சௌரி முத்துவின் காற்று காசநோய்க்குத் தேவையில்லை என்று சென்னை நிரூபித்தது சரி. கெட்ட காற்று நுரையீரலைக் காசநோய்க்குத் திறந்துவிடும் என்பதும் சரி.

சென்னையில் காற்று எவ்வளவு உயிர்களைத் தொடுகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. 2002 முதல் 2004 வரையிலான நகரத்து இறப்புப் பதிவுகளை ஸ்ரீ ராமச்சந்திரா குழுவினர் அன்றாடத் தூசு அளவோடு பொருத்திப் பார்த்தார்கள். தூசு ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடிய நாட்களில் இறப்பு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடியது. சிறு எண்ணாகத் தெரியும். பல லட்சம் பேர் ஒவ்வொரு நாளும் மூச்சு விடும் ஊரில் அது சிறியதல்ல.

நாம் அன்றாடம் பார்க்கும் காற்றுத் தரக் குறியீடு 2015இல் நடைமுறைக்கு வந்தது. நுண்துகளைப் பொறுத்தவரை அதன் எடையைத்தான் அது சொல்கிறது. எடையில் சமமான இரண்டு நாட்களில் ஒன்று கடலுப்பும் மண்ணுமாக இருக்கலாம், மற்றொன்று டயர்ப் புகையாக இருக்கலாம். மூட்டையை எடை போட்டுவிட்டு உள்ளே அரிசியா கல்லா என்று பார்க்காமல் விடுவது போன்றது இது. சட்டம் இதை முன்பே உணர்ந்திருக்கிறது. 2009இல் வெளியான தேசியக் காற்றுத் தர நெறிகள் நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம் என்று வைத்ததோடு நிற்கவில்லை. ஈயம் 0.5 மைக்ரோகிராம், ஆர்செனிக் 6 நானோகிராம், நிக்கல் 20 நானோகிராம், பென்சோபைரீன் 1 நானோகிராம் என்று உள்ளடக்கத்துக்கும் வரம்பு கட்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் நுண்துகளுக்கு வைத்த அளவு வெறும் 5 மைக்ரோகிராம்.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. கல்குவாரிப் பள்ளங்களும், பழைய தோல் கூடங்களும், ஜி.எஸ்.டி. சாலையும், சானடோரியமும் இப்போது பெரும்பாலும் ஒரே மாநகராட்சியின் எல்லைக்குள். இனி யாரைக் கேட்பது என்ற குழப்பத்துக்கு இடமில்லை. நெஞ்சக நோய் மருத்துவமனையாக இன்றும் இயங்கும் சானடோரியத்தின் வளாகத்திலேயே நுண்துகளைச் சேகரித்து, அதிலுள்ள ஈயம், ஆர்செனிக், நிக்கல், பென்சோபைரீன் அளவுகளை மாதந்தோறும் தமிழில் வெளியிட வேண்டும். கல்லுடைத்தவர்களின் நுரையீரல்களுக்குப் படம் எடுத்துப் பதிவு வைக்க வேண்டும். குப்பைக்குத் தீ வைப்பதைக் குற்றமாகவே நடத்த வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மாநகராட்சிக் கூட்டத்தில் உங்கள் வார்டு உறுப்பினர் இதைக் கேட்கவில்லை என்றால், ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் அவரைக் கேளுங்கள்.